நாடகக்காரரை வரைவது: வேடத்தோடா, வேடம் கலைத்தா?

ஒரு வாசகரின் கேள்வி, 11.3.2023

எங்கள் தோட்டத்துப் பழைய நாடகக்காரர்கள் மூன்று பேர் இன்னும் இருக்கிறார்கள். அவர்களை வரைந்து வைக்க ஆசை. என் கருத்து, நாடகக்காரரை வேடத்தோடுதான் வரைய வேண்டும். கிரீடமும் மீசையும் இல்லாவிட்டால் அது யாரோ ஒரு தாத்தா படம், அவ்வளவுதான். வரைகிறவர்கள் இருந்தால் சொல்லுங்கள், இது சரிதானே?

12.3.2023

சரியில்லை. நான் அப்படி வரைந்து பார்த்துவிட்டேன், அதனால் சொல்கிறேன்.

மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் 30 வருஷம் கடைப் பலகை எழுதினேன். துணிக்கடை, நகைக்கடை, கோயில் வளைவு, லோரிக் கதவு எல்லாம். அச்சடித்த பேனர் வந்த பிறகு அந்த வேலை நின்றுபோனது. போன வருஷம், எங்கள் பழைய தோட்டத்து நாடகக் குழுவில் மிச்சமிருக்கிற எட்டுப் பேரையும் எண்ணெய் வண்ணத்தில் வரைவது என்று உட்கார்ந்தேன். தோட்டத்தில் இப்போது பால்மரம், அதாவது ரப்பர் மரம், ஒன்றுகூட இல்லை, முழுக்கச் செம்பனை. தொழிலாளர்கள் இருந்த லயன் வீடுகளை இடித்தாகிவிட்டது. எட்டுப் பேரும் டவுனைச் சுற்றியுள்ள தாமான் குடியிருப்புகளில் பிள்ளைகளோடு இருக்கிறார்கள்.

முதலில் ராஜபார்ட் மாமா, ராஜா வேடம் கட்டியவர். அரிச்சந்திரனாக முழு வேடம் கட்டச் சொன்னேன். சம்கி உடுப்பு, அட்டைக் கிரீடம், புருவத்துக்கு மை, கன்னத்துக்குச் சிவப்பு. மூன்று வாரம் வரைந்து முடித்து, தள்ளி நின்று பார்த்தேன். அது காலண்டர் படம். மாமா அதில் இல்லை.

ஏன் அப்படி ஆனது என்று பல நாள் யோசித்தேன். கோவில்பட்டி கொண்டையா ராஜு (1898–1976) முதலில் நாடகக் கம்பெனிக்குச் சீன் எழுதியவர், காலண்டர் சாமி படங்களுக்கு வந்தது அப்புறம். அவருக்கு முந்தி ரவி வர்மா, 1894-இல் பம்பாய்ப் பக்கம் அச்சகம் போட்டவர். அவருடைய தமயந்தியும் சகுந்தலையும் நிற்கிற நிலையில் அந்தக் காலத்து மேடை தெரியும். அந்த மாதிரி அச்சுப் படங்கள் கப்பலேறி நம் லயன் வீட்டுச் சுவர்களுக்கு வந்தன. நம் நாடகக்காரர்கள் சுவரில் இருந்த படத்தைப் பார்த்து வேடம் கட்டினார்கள். மேடையிலிருந்து படத்துக்கு, படத்திலிருந்து மறுபடி மேடைக்கு. அதை நான் இன்னொரு தடவை படமாக்கினால் உள்ளே இருக்கிற மனிதர் எந்த இடத்தில் வருவார்?

வேடம் போட்ட முகம் ஏற்கெனவே ஒருவர் கையால் வரைந்த படம். எங்கள் குழுவில் எல்லோருக்கும் முகம் பூசி வேடம் கட்டுகிற அண்ணன் வரைந்தது. அதைப் பார்த்து வரைந்தால் அவர் வேலையை நகலெடுக்கிறோம். சரக்குகூட ஒன்றுதான். அவர் பூசுகிற அரிதார வெள்ளையும் என் தட்டில் இருக்கிற சிங்க் ஒயிட்டும் துத்தநாக ஆக்சைடு. அவர் தேங்காயெண்ணெயில் குழைக்கிறார், நான் ஆளிவிதை எண்ணெயில் குழைக்கிறேன்.

ஆகவே வேடத்தைக் கழற்றிவிட்டு வரையுங்கள்.

14.3.2023

திருத்தம். வேடம் கட்டுகிற அண்ணனுக்கு அவர் பேத்தி மேலே உள்ளதைப் படித்துக் காட்டியிருக்கிறாள். உடனே போன் அடித்தார். "தம்பி, அரிதாரம் வெள்ளை இல்லப்பா. மஞ்சள். வெள்ளைக்குப் பேரு முத்துவெள்ளை."

அவர் சொன்னதுதான் சரி. அரிதாரம் என்பது மஞ்சள் கல், பாஷாணமும் கந்தகமும் சேர்ந்தது. மஞ்சள் அடித்தளம் போட அதைத்தான் அரைத்தார்கள். அப்புறம் முகப்பூச்சு எல்லாவற்றுக்குமே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. பழைய ஓவியர்களும் அதே கல்லை வண்ணமாக அரைத்திருக்கிறார்கள். ஈயம், செம்பு கலந்த வண்ணங்களோடு சேர்ந்தால் அது கெட்டுப்போகும் என்று தெரிந்து தனியாக வைப்பார்கள். விஷம். அண்ணன் காலத்திலேயே கடைப் பொடிக்கு மாறிவிட்டார்கள். துத்தநாக வெள்ளை பற்றி நான் சொன்னது இப்போதைய பொடிக்குப் பொருந்தும்.

26.3.2023

ராஜபார்ட் மாமா, இரண்டாவது படம். வேடம் இல்லை. அவர் மகன் வீட்டு முன் கூடத்தில், பிளாஸ்டிக் நாற்காலியில், கைலியும் பனியனும்.

அவருக்கு 82 வயது. 14 வயதில் பால் வெட்டத் தொடங்கியவர். விடியற்காலை ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குப் போய், நெற்றி விளக்கோடு வெட்டி, மங்கு மங்காகப் பால் எடுத்து, காண்டா வாளியில் சுமந்தவர். ராத்திரி ஒத்திகை. வலது கை கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் தோல் தடித்துக் கிடக்கிறது, பால்கத்தி பிடித்த இடம். முதல் படத்தில் அந்தக் கையில் மரக்கத்தியைக் கொடுத்து விரல்களை மூடிவிட்டேன் என்பது இப்போதுதான் தெரிந்தது.

கையை வரைய எட்டு நாள் ஆனது. முகத்துக்கு நாலு நாள்.

வரையும்போது பேசிக்கொண்டே இருப்பார். 1948 ஜூன் 16-ஆம் தேதி எங்கள் ஊர்ப் பக்கத்துத் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் தோட்ட அதிகாரிகள் சுடப்பட்டு, அவசரகாலம் வந்ததே, அப்போது அவர் சின்னப் பையன். அவர் அப்பாவும் ராஜபார்ட். ராத்திரி ஊரடங்கில் பெட்ரோமாக்ஸ் ஏற்ற முடியாது என்று, திருவிழாவுக்கு மத்தியான வெயிலில் மயான காண்டம் போட்டார்களாம். "சுடுகாட்டுச் சீனுக்கு வெயில் நல்லாத்தான் இருந்துச்சு" என்றார். சொல்லிவிட்டு அரை நிமிஷம் பேசவில்லை. அந்த அரை நிமிஷ முகத்தைத்தான் பிடிக்கப் பார்க்கிறேன்.

2.4.2023

பினாங்கிலிருந்து ஒருவர் கேட்டார், நம் தோல் நிறத்துக்கு என்ன கலப்பது என்று. சுருக்கமாக: டியூபில் வருகிற தோல் வண்ணத்தைத் தொடாதீர்கள், அது நம் தோலுக்குச் செய்ததில்லை. பர்ன்ட் சியன்னா, எல்லோ ஓக்கர், கொஞ்சம் அலிசரின் சிவப்பு. நிழலுக்குக் கறுப்பு வேண்டாம், முகம் சாம்பல் பூத்துச் செத்துப்போகும். அல்ட்ராமரைன் நீலத்தை பர்ன்ட் சியன்னாவோடு கலந்தால் நிழல் சூடாகவும் வரும், குளிர்ச்சியாகவும் வரும், அளவைப் பொறுத்தது. கறுத்த தோலில் ஒளி விழும் மேட்டில் வெள்ளையைக் கொட்டக் கூடாது. ஜன்னல் பக்கம் உட்கார்ந்த ஆளின் நெற்றியைப் பாருங்கள், அங்கே வானத்து நீலம் இருக்கும். அதை வைத்தால் தோல் பளபளக்கும்.

23.4.2023

ஸ்திரீபார்ட் அண்ணன்.

சந்திரமதி, வள்ளி, அல்லி என்று 25 வருஷம் பெண் வேடம் கட்டியவர். பகலில் பால் லோரி ஓட்டினார். இவரிடம் நான் போன விஷயம் என்னவென்றால், வேடம் இல்லாமல் லோரிக்காரராக வரைய வேண்டும், அவ்வளவுதான். வந்து உட்கார்ந்தார். கால் இரண்டையும் சேர்த்து ஒருபக்கம் சாய்த்துக்கொண்டார். தோளில் கிடந்த துண்டின் முனையை இடது கையால் இழுத்துப் பிடித்தார், முந்தானையைப் பிடிப்பதுபோல. அவருக்கே தெரியாது. நான் கேட்டதற்கு, "அப்படியா உக்காந்திருக்கேன்?" என்று சட்டென்று காலை அகட்டினார். ஐந்து நிமிஷத்தில் பழையபடி சேர்ந்துகொண்டது.

மீசை வைத்ததே இல்லை. நாடகம் நின்று 30 வருஷத்துக்கு மேல் ஆகிறது, இன்னும் தினமும் மழிக்கிறார். அக்கா, அவர் மனைவி, உள்ளேயிருந்து சொன்னார்: "கல்யாணத்துக்குப் பொண்ணு பார்க்க வந்தப்பவும் மீசை இல்ல. எங்கம்மா, மாப்பிள்ளைக்கு உடம்பு சரியில்லையோன்னு கேட்டுச்சு." மூன்று பேரும் சிரித்தோம். ஓவியத்தில் அந்தச் சிரிப்பின் மிச்சம் வாயோரத்தில் இருக்கிறது, எடுக்க மனமில்லை.

இவரை வரையும்போது ஷராக்குவின் படங்களை அச்சில் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். ஜப்பானில் 1794-இல் கிளம்பி, சுமார் பத்து மாதத்தில் 140-க்கு மேல் நாடக நடிகர் படங்கள் போட்டுவிட்டு, அடுத்த வருஷத் தொடக்கத்தோடு காணாமல் போனவர். யார், எங்கிருந்து வந்தார் என்பதில் இன்றைக்கும் சண்டை. முதல் தவணையில் 28 பெரிய முகங்கள், பின்னணி முழுக்கக் கருத்த அப்ரகப் பொடி. அந்த நாட்டுக் கபுக்கி மேடையில் 1629-இல் பெண்கள் ஆடத் தடை வந்தது, அப்புறம் பெண் வேடமும் ஆண்கள்தான். மற்ற ஓவியர்கள் அவர்களை அழகான பெண்ணாகவே வரைந்து கொடுத்தார்கள். ஷராக்கு, கொண்டைக்கும் பூவுக்கும் கீழே இருக்கிற ஆணின் தாடையை, தடித்த மூக்கை, வயசைச் சேர்த்து வரைந்தார். அந்த முகங்களில் வேடமும் இருக்கிறது, மனிதரும் இருக்கிறார்.

இதை எழுதும்போதே, மார்ச் 12-இல் நான் சொன்னது ஆட்டம் காண்கிறது. யோசிக்க வேண்டும்.

7.5.2023

யோசித்தேன். வேடத்தைக் கழற்றிவிட்டு வரையுங்கள் என்று அன்றைக்குச் சொன்னேன். அது அவசரப்பட்டுச் சொன்னது.

ராஜபார்ட் மாமாவின் இரண்டாவது படத்தை அவர் வீட்டுக்குக் கொண்டுபோனேன். மகன், மருமகள், பேரப் பிள்ளைகள் எல்லோரும் நல்லா இருக்கிறது என்றார்கள். மாமா ரொம்ப நேரம் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா இது பால்வெட்டுக்காரன்" என்றார். எனக்கு வாய் அடைத்துப்போனது.

அவர் வருத்தமாகச் சொல்லவில்லை. பால்வெட்டுக்காரராக இருந்ததில் அவருக்கு எந்தக் குறையும் கிடையாது. ஆனால் நான் நாடகக்காரரை வரைகிறேன் என்று சொல்லி உட்கார வைத்தேன். காலை முழுக்க மேற்பார்வை பார்க்கிற மண்டோரிடம் திட்டு வாங்கின மனிதர், ராத்திரி அந்த அட்டைக் கிரீடத்தை வைத்ததும் முதுகெலும்பு நிமிர்ந்து, குரல் இரண்டு கட்டை மேலே போய், முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிற தோட்ட ஆபீஸ் கிராணியைப் பார்த்து "அடே மந்திரி" என்பார். அந்த நிமிர்வு அவருடையது. கிரீடம் அட்டை, சரி. கழுத்து அட்டை இல்லையே. முதல் படத்தில் நான் கிரீடத்தை வரைந்தேன், கழுத்தைப் பார்க்கவில்லை. இரண்டாவதில் கிரீடத்தோடு சேர்த்து அந்தக் கழுத்தையும் தூக்கிப் போட்டுவிட்டேன்.

ஆக, கேள்வி கேட்ட நண்பரே, நீங்கள் பாதி சரி. முழு வேடத்தில் ஆள் மறைந்துபோகிறார், வேடமே இல்லாவிட்டால் நாடகம் போய்விடுகிறது. மூன்றாவது படம் தொடங்கியிருக்கிறேன். பாதி முகம் பூசிய நிலை. வேடம் கட்டுகிற அண்ணன் மாமாவுக்குப் பூசிக்கொண்டிருக்கிறார், இடது கன்னம் முடிந்தது, வலது கன்னம் வெறும் தோல். மாமா கண்ணாடியில் தன்னைப் பார்க்கிறார். அந்த நேரத்தில் அவர் பேசுவதில்லை. நாடகம் இருந்த காலத்திலும் அப்படித்தான், மை எழுதத் தொடங்கினால் யாரும் அவரிடம் பேசக் கூடாது. முதல் கோடு இழுத்ததிலிருந்து கழுத்து கொஞ்சம் கொஞ்சமாக ஏறும். அதை நேரில் பார்க்கிற யாருக்கும் தெரியும்.

8.5.2023

நேற்று சொன்னதற்கு ஒரு ஒட்டு. கண்ணாடி வைத்து வரைகிறவர்களுக்கு: ஆளையும் கண்ணாடிக்குள் இருக்கிற ஆளையும் ஒரே படத்தில் வைத்தால், கண்ணாடிக்குள் இருக்கிறவர் எப்போதும் கொஞ்சம் மங்கல், கொஞ்சம் பச்சை. சாதாரணக் கண்ணாடிக்கே பச்சைச் சாயல் உண்டு. இரண்டையும் ஒரே வெளிச்சத்தில் வரைந்துவிட்டால் அண்ணன் தம்பி இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்த மாதிரி ஆகிவிடும். எனக்கு முதல் வாரம் அப்படித்தான் வந்தது, சுரண்டினேன்.

4.6.2023

ஆர்மோனியக்காரர் முடிந்தது. சீக்கிரமே முடிந்தது, 9 நாள். வாசிக்கச் சொல்லிவிட்டு வரைந்தேன், அதுதான் வழி. சும்மா உட்கார வைத்தால் அவர் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் தவித்தார்.

பிரெஞ்சு ஓவியர் டெகா சுமார் 1870-இல் பாரிஸ் ஓப்பராவின் வாத்தியக் குழுவை வரைந்திருக்கிறார். பாசூன் ஊதுகிறவர் நடுவில் பெரிதாக. மேலே மேடையில் ஆடுகிற பெண்களின் தலைகளை விளிம்பு வெட்டிவிடுகிறது, பாவாடையும் காலும்தான் தெரியும். அதையே செய்தேன். எங்கள் ஆர்மோனியக்காரரின் தலைக்கு மேலே இரண்டு ஜோடி சலங்கைக் கால், ஒரு சம்கி ஓரம். அவருக்கு ரொம்பப் பிடித்துப்போனது. "40 வருஷம் நான் பார்த்த நாடகம் இதுதான்" என்றார்.

18.6.2023

சீன் இழுக்கிறவரைப் பற்றி நிறைய எழுத வேண்டும்.

முதலில் வரமாட்டேன் என்றார். "என்னை யாரும் பார்த்ததே இல்ல. எனக்கு எதுக்குப் படம்?" மூன்று தடவை போனேன். கடைசியில், வேடம் கட்டுகிற அண்ணன் கூட வந்து பேசியதால் சம்மதித்தார்.

அவர் வேலை தெரியாத இளம் வாசகர்களுக்காக: எங்கள் குழுவிடம் நாலு சீன் இருந்தது. தர்பார், தெரு, தோட்டம், காடு. எந்த நாடகமானாலும் இந்த நாலுக்குள்தான். அரிச்சந்திரனுக்கும் காடு, வள்ளிக்கும் காடு. மூங்கிலில் சுருட்டிக் கயிற்றில் தொங்கும். பாட்டின் கடைசி அடி முடிவதும் சீன் இறங்குவதும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு நொடி பிந்தினால் செத்த லோகிதாசன் எழுந்து நடந்து போவது ஜனத்துக்குத் தெரிந்துவிடும். அதனால் அவருக்கு எல்லோருடைய பாட்டும் மனப்பாடம். ராஜபார்ட் பாட்டும் ஸ்திரீபார்ட் பாட்டும் பபூன் பேச்சும். மேடையில் ஒரு வரி பேசியதில்லை.

நாலு சீனில் தர்பார் மட்டும் மிச்சம். கோயில் சாமான் அறையில், வாகனத்துக்குப் பின்னால், பிளாஸ்டிக் சுற்றிக் கிடந்தது. அதை எடுத்து மண்டபத்தில் தொங்கவிட்டோம். 18 அடி அகலம். துணியில் வச்சிரப் பசையும் பொடி வண்ணமும் கலந்து எழுதியது. தூண், திரை, சிம்மாசனம், இரண்டு மயில். நான் நாற்காலியைச் சீனுக்கு முன்னால் போட்டேன். அவர் அதைத் தூக்கிக்கொண்டு சீனுக்குப் பின்னால் போய்விட்டார்.

"இங்கதான்ப்பா நான் நிப்பேன்."

பின்பக்கம் போய்ப் பார்த்தேன். ஒட்டுப் போட்ட துணிகள், கயிறு உராய்ந்த கறை, பெட்ரோமாக்ஸ் பட்டு எரிந்த ஓட்டை. அதற்கு நடுவில் தூண்களும் மயில்களும் துணியில் ஊறி, இடம் வலம் மாறி, மங்கலாகத் தெரிகின்றன. "முன்பக்கத்தை மாட்டறப்போ பார்க்கிறதுதான். நாடகம் நடக்கிறப்போ எனக்குத் தெரிஞ்ச தர்பார் இந்தத் தர்பார்தான்" என்றார்.

படத்தின் பின்னணி அதுதான். கறையும் ஒட்டும் இடவலம் மாறிய மயிலும். அவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, தலையை ஒருபக்கம் சாய்த்து, பாட்டைக் கேட்டுக்கொண்டு நிற்கிறார். கண் எதையும் பார்க்கவில்லை, காதுதான் வேலை செய்கிறது. ஒருவர் கேட்டுக்கொண்டிருப்பதை எப்படி வரைவது என்று எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. கடைசியில் ஆர்மோனியக்காரரைக் கூட்டி வந்து வாசிக்க வைத்தேன். இரண்டாவது பாட்டில் அவர் கை தானாகக் கயிற்றில் இறுகியது. அப்போது அவர் உதடும் அசைந்தது. சத்தமில்லாமல் முழுப் பாட்டையும் பாடிக்கொண்டிருந்தார்.

இந்த இழையில் நான் பேசிக்கொண்டிருந்த வேடமா வேடமில்லையா என்பதே இவருக்குப் பொருந்தாது. இவருக்கு வேடம் கிடையாது. ஆனாலும் நாடகக்காரர். நாடகக்காரர் என்றால் நடிகர் என்று நானும் நீங்களும் எடுத்துக்கொண்டுதான் இத்தனை நாள் பேசியிருக்கிறோம்.

19.6.2023

நேற்றைய குறிப்பைப் படித்துவிட்டு இரண்டு பேர் அந்தத் தர்பார் சீனைப் பாதுகாக்க என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறார்கள். மடிக்காதீர்கள், சுருட்டுங்கள். பிளாஸ்டிக் சுற்றக் கூடாது, உள்ளே வேர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். வச்சிரப் பசை மிருகத் தோல், எலும்பு காய்ச்சியது, பூஞ்சணத்துக்கு அது சாப்பாடு. தண்ணீர் தொட்டால் வண்ணம் கரையும், துடைக்க வேண்டாம். பழைய பருத்திச் சேலையில் சுற்றி, தரையில் படாமல் வைத்திருக்கிறோம்.

9.7.2023

பூஞ்சணம் என் வீட்டுக்கே வந்துவிட்டது. மிருதங்கக்காரர் படத்தின் பின்பக்கம் முழுக்கச் சாம்பல் புள்ளி. சுவரை ஒட்டிச் சாய்த்து வைத்திருந்தேன், மூன்று வாரம் மழை. முன்பக்கம் தப்பித்தது.

எண்ணெய் வண்ணம் தண்ணீர் வற்றிக் காய்கிற சரக்கு இல்லை. ஆளிவிதை எண்ணெய் காற்றிலிருந்து பிராணவாயுவை இழுத்து இறுகுகிறது. இருட்டில் வைத்தால் மஞ்சளாகும். ஆகவே வெளிச்சமும் காற்றும் வேண்டும், நேர் வெயில் வேண்டாம். இப்போது ஒவ்வொரு சட்டத்தின் நாலு மூலையிலும் கட்டை ஒட்டிச் சுவரிலிருந்து இரண்டு விரல் தள்ளி மாட்டியிருக்கிறேன். இன்னொன்று: எண்ணெயில் சிங்க் ஒயிட்டைக் கனமாகப் போட்டால் வருஷம் போகப்போக வெடிக்கும். டைட்டேனியம் வெள்ளைக்கு மாறிவிட்டேன். மாமாவின் பாதி முகத்தில் மட்டும் சிங்க் ஒயிட்டை மெல்லிசாக வைத்திருக்கிறேன். பூசிய கன்னத்துக்கு அண்ணன் பூசுகிற சரக்கே இருக்கட்டும் என்று ஆசை.

13.8.2023

நேற்று ஆடித் திருவிழா. 30 வருஷத்துக்குப் பிறகு மயான காண்டம், ஒரு மணி நேரம். மாமா நின்று பாட முடியாது, சுடுகாட்டுக் கட்டையில் உட்கார்ந்து பாடினார். ஸ்திரீபார்ட் அண்ணன் கட்டவில்லை, ஒரு கல்லூரிப் பெண் சந்திரமதி. அண்ணன் பக்கத்தில் நின்று அடி எடுத்துக் கொடுத்தார்.

வரைபுத்தகத்தோடு முன்னால் உட்கார்ந்தேன், ஆனால் வெளிச்சம் ஏமாற்றிவிட்டது. வாடகைக்கு வந்த எல்.இ.டி. விளக்குகள். நீலம் மட்டும் போட்டபோது மாமாவின் உதட்டுச் சிவப்பு கறுப்பாகிப் போனது. சிவப்பு வண்ணத்துக்குத் திருப்பி அனுப்பச் சிவப்பு ஒளி வேண்டும், நீலத்தில் அது இல்லையே. வேடம் கட்டிய அண்ணன் மேடைக்குக் கீழே தவித்துக்கொண்டிருந்தார். பெட்ரோமாக்ஸுக்குக் கலந்த முகம் அது. கடைசியில் ஒரு பையன் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு இரண்டு மஞ்சள் விளக்கை மட்டும் விட்டான், முகம் திரும்ப வந்தது.

மாமா ஒரு இடத்தில் கிரீடம் இல்லாத தலையை இரண்டு கையாலும் தொட்டுப் பார்த்தார், சுடுகாட்டுக் காவல்காரன் ஆன பிறகு. எங்கள் நாடகத்தில் அந்த அசைவு கிடையாது. சின்ன வயதில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன், செய்ததில்லை. அப்போது ஓவியர் சார்ஜெண்டின் படம் நினைவுக்கு வந்தது. 1889-இல் ஆங்கில நடிகை எலன் டெர்ரியை லேடி மக்பெத்தாக வரைந்தார், வண்டுச் சிறகு தைத்த பச்சை உடையில், கிரீடத்தைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி. அந்த நடிகை நடித்த நாடகத்தில் அப்படியொரு காட்சியே இல்லை, ஓவியர் வைத்தது. நான் வைக்க வேண்டிய வேலை இல்லை, மாமாவே வைத்துக் கொடுத்துவிட்டார். நாலாவது படம்.

27.8.2023

யாரைப் பார்த்துக் கற்பது என்று ஒரு தங்கை கேட்டிருந்தார். கோலாலம்பூரில் 1958 முதல் தேசிய ஓவியக் கூடம் இருக்கிறது, போய் நின்று பாருங்கள். ஓவியர் ஹுசேன் எனாஸ் (1924–1995) படங்கள் முகத்துக்கு நல்ல பாடம். புகையிலை பறிக்கும் 1962 படத்தில் வேலை செய்கிற கையை எப்படி மதித்து வரைந்திருக்கிறார் என்று பாருங்கள். அச்சில் பார்ப்பது போதாது.

17.9.2023

ஒரு சங்கடம். ஸ்திரீபார்ட் அண்ணனின் மகன் வந்திருந்தார். தீபாவளிக்கு முன் எட்டுப் படத்தையும் கோயில் மண்டபத்தில் மாட்டுவதாகப் பேச்சு. "எங்கப்பா படத்தை மட்டும் வேண்டாம். பிள்ளைங்க பள்ளிக்கூடத்துல கிண்டல் பண்ணுவாங்க" என்றார்.

அந்தப் படத்தில் அண்ணன் சட்டையும் துண்டும்தான் போட்டிருக்கிறார். சேலை இல்லை, பூ இல்லை. ஆனாலும் மகனுக்கு அதில் சந்திரமதி தெரிகிறாள். படம் சரியாக வந்திருக்கிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம், ஆனால் அதை அவரிடம் எப்படிச் சொல்வது? வாதாடவில்லை. டீ கொடுத்து அனுப்பினேன்.

24.9.2023

அண்ணனிடம் நேரில் கேட்டேன். "மகன் சொல்றது சரின்னு நினைக்கிறீங்களா?" ரொம்ப நேரம் துண்டைத் திருகிக்கொண்டிருந்தார். "அவன் மனசு நோக வேணாம். படம் உன் வீட்டுல இருக்கட்டும்" என்றார்.

ஏழு படம் மண்டபத்துக்குப் போகும். எட்டாவது என் முன் கூடத்தில், ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில். போன வெள்ளிக்கிழமை கோயிலிலிருந்து திரும்பும் வழியில் அண்ணன் வந்தார். கோப்பி குடித்தார். படத்துக்கு எதிரே உட்கார்ந்துகொண்டு மழையைப் பற்றிப் பேசினார். போகும்போது, அடுத்த வெள்ளிக்கிழமையும் வருகிறேன் என்றார்.

1.10.2023

கேள்வி கேட்ட நண்பர் தன் முதல் படத்தை அனுப்பியிருக்கிறார். அவர் தோட்டத்து ராஜபார்ட், முழு வேடத்தில், கிரீடத்தோடு, ஆனால் மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு. வசனப் புத்தகத்தைப் படித்துக்கொண்டிருக்கிறார். எனக்கு இது தோன்றவேயில்லை. கண்ணாடிக்குப் பின்னால் கண் பெரிதாகத் தெரிவதை இன்னும் கவனிக்கலாம், வலது காது கொஞ்சம் மேலே ஏறியிருக்கிறது. மற்றபடி கைவைக்க வேண்டாம், அப்படியே விடுங்கள்.

15.10.2023

கடைசி ஆள், பபூன் சித்தப்பா. எல்லோரையும் சிரிக்க வைத்தவர். வந்ததும் விதவிதமாக முகத்தைக் கோணினார், குரங்கு, துரை, கள்ளுக்கடைக்காரர், எல்லாம். ஒரு மணி நேரம் சிரித்தேன், ஒரு கோடு போடவில்லை.

பிறகு பாரிஸ் லூவர் கூடத்தில் இருக்கிற, பிரெஞ்சு ஓவியர் வாத்தோவின் பியரோ படத்தைப் போனில் காட்டினேன், சுமார் 1718-இல் வரைந்தது. வெள்ளை உடுப்புக் கோமாளி, இரண்டு கையையும் தொங்கவிட்டு, நேராக நம்மைப் பார்த்து, ஒன்றும் செய்யாமல் நிற்கிறான். சித்தப்பா போனை வாங்கி, கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார்.

"இவன் முறை இன்னும் வரல" என்றார். "மேடைக்குப் போறதுக்கு முந்தி நான் இப்படித்தான் நிப்பேன்."

நின்று காட்டினார். கையைத் தொங்கவிட்டு, முகத்தில் எதுவும் இல்லாமல். மதியம் மூன்று மணி வெளிச்சம், பின்னால் வெள்ளைச் சுவர். உச்சந்தலையிலிருந்து தொடங்கி வேகமாகக் கோடு போட்டேன். முழங்காலுக்குக் கீழே வரும்போது துணி தீர்ந்துவிட்டது. இந்த மனிதரைக் காலில்லாமல் விட முடியாது, இவர் நிற்பதே பாதத்தில்தான் இருக்கிறது, வலது பாதம் கொஞ்சம் உள்நோக்கித் திரும்பியிருக்கிறது. தச்சரிடம் சொல்லி அடியில் ஒன்றரை அடி சட்டம் சேர்த்துத் துணி இழுத்துத் தைக்கச் சொல்லியிருக்கிறேன். புதன்கிழமை வருகிறாராம். அதே செருப்பைப் போட்டுக்கொண்டு வரச் சொன்னேன்.

18.10.2023

செருப்பு மாறி வந்துவிட்டார். பரவாயில்லை, கழற்றச் சொல்லிவிட்டேன். வெறுங்கால் இன்னும் நன்றாக இருக்கிறது.